புதுச் சுழியோடியின் பதிவேடு

ஸ்கூபாச் சுழியோடியின் பதிவேட்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது சான்று. புதிய ஊரில் டைவ் நிலையத்துக்குள் நுழைந்ததும் கேட்பது இதுவரை எத்தனை முழுக்கு, கடைசியாக இறங்கியது எப்போது என்பதைத்தான். பாடி (PADI) என்ற சுழியோட்டப் பயிற்சி அமைப்பில் டைவ்மாஸ்டர் பயிற்சியைத் தொடங்க 40 முழுக்குகளும், பயிற்றுநர் தேர்வுக்கு 100 முழுக்குகளும் பதிவில் இருந்தாக வேண்டும். இரண்டாவது கணக்கு. அடுத்த முறை எவ்வளவு ஈயம் கட்டுவது, ஒரு சிலிண்டர் காற்று எத்தனை நிமிடம் தாங்கும், எவ்வளவு நேரம் மேலே இருந்துவிட்டு மறுபடி இறங்கலாம் என்பவற்றுக்கு விடை அவரவர் பதிவில்தான் கிடைக்கும். புதிதாகப் பயின்றவர்கள் பெரும்பாலும் முதல் வேலைக்காகவே எழுதுகிறார்கள். திகதி, இடம், "ஆமை பார்த்தோம்" என்று ஒரு வரி, கீழே வழிகாட்டியின் முத்திரை. நூறு பக்கம் இப்படி நிரம்பினாலும் நூற்றோராவது முழுக்கை அதை வைத்துத் திட்டமிட முடியாது.

மட்டக்களப்புக் கடலில் இந்தக் குறை சீக்கிரமே வெளிப்படும். பாசிக்குடாவிலும் காயாங்கேணியிலும் கரையோரப் பவளப் பாறைகள் புதியவருக்கு ஏற்ற ஆழத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு அப்பால் கிடப்பவை 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல்கள். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய முதற் கப்பலான ஹெர்மிஸ், முதல் நாள் இரவு திருகோணமலையை விட்டுத் தெற்கே வந்திருந்தது. அன்று அதில் விமானங்கள் இருக்கவில்லை. முற்பகலில் தாக்கப்பட்டுச் சில நிமிடங்களில் மூழ்கிய அக்கப்பலோடு 307 பேர் மாண்டனர். மருத்துவக் கப்பலான வீட்டா ஏறத்தாழ 600 பேரை மீட்டது. அதே நாளில் ஆஸ்திரேலிய நாசகாரி வம்பயர், காவற்கப்பல் ஹொலிஹொக், அது துணைவந்த எண்ணெய்க் கப்பல் அதெல்ஸ்டேன், இன்னோர் எண்ணெய்க் கப்பலான பிரிட்டிஷ் சார்ஜன்ட் ஆகியவையும் இக்கரையோரக் கடலில் மூழ்கின. பிரிட்டிஷ் சார்ஜன்ட் ஏறத்தாழ 24 மீற்றரில் கிடக்கிறது. ஹெர்மிஸ் 53 மீற்றரில். மீனவர் பாகக் கணக்கில் 29 பாகம். தொடக்கப் பயிற்சி முடித்தவருக்கு அனுமதிக்கப்படும் ஆழம் 18 மீற்றர், அடுத்த நிலைக்கு 30, பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் கடைசி எல்லை 40. ஆகவே, மட்டக்களப்பில் கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு மேலே போக வேண்டிய படிகள் கண்முன்னாலேயே இருக்கின்றன. அடுத்த படியில் கால் வைக்கத் தகுதி வந்துவிட்டதா என்று காட்ட வேண்டியது பதிவேடு. எண்ணிக்கை மட்டும் அதைக் காட்டாது. பாசிக்குடாவின் ஐந்து மீற்றர் நீரில் ஐம்பது முறை இறங்கியவரும், 24 மீற்றரில் ஐந்து முறை இறங்கியவரும் வெவ்வேறு அனுபவக்காரர்கள்.

தலைப்பு விபரங்களில் அதிகம் சொல்ல எதுவுமில்லை: முழுக்கின் தொடர் இலக்கம், திகதி, இணை, படகு, வழிகாட்டி. இடம் மட்டும் கவனிக்கத் தக்கது. "மட்டக்களப்பு, கப்பல்" என்று எழுதினால் மூன்று மாதத்தில் எழுதியவருக்கே எந்தக் கப்பல் என்பது மறந்துவிடும். ஜி.பி.எஸ். எண்ணைப் படகோட்டி சொல்ல விரும்பாமல் இருக்கலாம். அது அவருடைய தொழில் இரகசியம். ஆனால் இறங்கு கயிறு கப்பலின் எந்தப் பகுதியில் கட்டப்பட்டிருந்தது, அங்கிருந்து எந்தத் திசையில் நீந்தியது, எங்கே வலை சிக்கிக் கிடந்தது என்பவற்றை எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். சிக்கிய வலை இக்கப்பல்களில் உண்மையான ஆபத்து. ஜி.பி.எஸ். இல்லாமலே இடத்தைக் குறிக்க, கரையில் தெரியும் இரண்டு பொருள்களை ஒரு கோட்டிலும் வேறு இரண்டை இன்னொரு கோட்டிலும் நிறுத்தி, கோடுகள் சந்திக்கும் இடத்தில் நங்கூரம் போடுவது மீனவரின் பழைய முறை. சிறிய படம் ஒன்று கீறி இவற்றைக் குறித்துவைக்கும் பழக்கம் நல்லது. கையெழுத்து எப்படி இருந்தாலும் படம் புரியும்.

அடுத்து காற்றும் நீரும். கிழக்குக் கரையில் சுழியோடும் காலம் ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கிச் செப்டெம்பர் வரை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையை அலைக்கழிக்கும் அதே மாதங்களில் இங்கே கடல் அடங்கியிருக்கும். ஆனாலும் கச்சான் அடிக்கும் நாள்கள் உண்டு. தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று என்பதால் கரையோரம் தட்டையாகத் தெரியும். படகிலிருந்து சற்று விலகி மேலே வந்தவரை அது கடல் பக்கம் தள்ளும். "கடல் அமைதி" என்று எழுதுவதைவிடக் காற்றின் திசை, அது எந்த நேரத்துக்குப் பின் பலத்தது, மேலே வந்தபோது படகு எவ்வளவு தூரத்தில் நின்றது என்று எழுதுவது பயன் தரும். நீரோட்டத்தையும் அப்படித்தான்: கயிற்றைப் பிடிக்காமல் நிற்க முடிந்ததா, மேலே ஒரு திசையும் அடியில் இன்னொரு திசையுமாக ஓடியதா. இலங்கைக் கரைகளில் ஏற்றவற்று வித்தியாசம் சிறியது, ஒரு மீற்றரையும் எட்டுவதில்லை. ஐரோப்பியப் பதிவேடுகளில் அதற்கென விடப்பட்டிருக்கும் பெரிய கட்டத்தை இங்கே வேறு எதற்காவது பயன்படுத்தலாம்.

அந்தக் கட்டத்தில் வாவியின் நிலையை எழுதலாம். 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி பாலமீன்மடுவிலும் கோட்டைக்கல்லாற்றிலும் கடலைத் தொடுகிறது. வறண்ட காலத்தில் மணல் திட்டு வாயை அடைக்கும்; மழையில் வெள்ளம் ஏறினால் முகத்துவாரம் வெட்டிவிடுவார்கள். வெட்டிய பின் கலங்கல் நீர் கடலுக்குள் விரிந்து போகும். முதல் நாள் பத்துப் பதினைந்து மீற்றர் தெரிந்த இடத்தில் மறுநாள் நீட்டிய கை தெரியாமல் போவதற்குச் சில வேளைகளில் இதுவே காரணம். பார்வைத் தூரத்தை ஊகித்து எழுதாமல், இறங்கு கயிற்றில் எந்த ஆழத்திலிருந்து அடி தெரிந்தது என்று கைக்கணினியைப் பார்த்து எழுதினால் அது அளவாகும். கூடவே, முந்திய வாரம் மழை இருந்ததா, முகத்துவாரம் திறந்திருந்ததா என்று ஒரு சொல். இரண்டு பருவம் இப்படி எழுதியவருக்கு, எந்த நாள் படகுக் காசு வீணாகும் என்று படகேறும் முன்பே ஓரளவு தெரியும். நீரின் வெப்பம் பருவ காலத்தில் பெரும்பாலும் 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை. ஆழத்தில் திடீரென்று குளிர் தட்டினால் அந்த ஆழத்தைக் குறிக்க வேண்டும்.

ஈயத்தின் கணக்கு புதியவரின் பதிவில் அதிகம் விடுபடுவது. அவருக்கு அதிகம் தேவைப்படுவதும் அதுவே. தேவைக்கு மேல் ஈயம் கட்டினால் மிதவைச் சட்டைக்குள் காற்றை ஊதி ஊதிச் சமாளிக்க வேண்டும். காற்றுச் செலவு ஏறும், துடுப்பு பவளத்தில் இடிக்கும். குறைவாகக் கட்டினால் முழுக்கின் கடைசியில், ஐந்து மீற்றரில் பாதுகாப்புக்காக நிற்க வேண்டிய நேரத்தில், உடல் தானாக மேலே போகும். "6 கிலோ" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த நீர், எந்தச் சிலிண்டர், எந்த உடை என்பவை சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. கொழும்பில் நீச்சல் குளத்தில் பயின்று வரும் ஒருவர் கருவிகளோடு 90 கிலோ என்றால், கடலில் அவருக்கு ஏறத்தாழ 2 கிலோ கூடுதலாக வேண்டும். உப்பு நீர் அவ்வளவு தாங்கும். இங்கே பரவலாகப் பயன்படும் 11.1 லீற்றர் அலுமினியச் சிலிண்டரில் 200 பாரிலிருந்து 50 பாருக்கு இறங்கும்போது செலவாகும் காற்றின் எடையும் ஏறத்தாழ 2 கிலோ. ஆகவே தொடக்கத்தில் சரியாக இருந்த ஈயம் முடிவில் போதாமற் போகலாம். இதைச் சோதிக்க ஒரே இடம் முழுக்கின் முடிவு: 50 பார் மிச்சமிருக்க, ஐந்து மீற்றரில், சட்டையைக் காலியாக்கிவிட்டு அசையாமல் நிற்க முடிந்ததா? "முடிந்தது", "மேலே இழுத்தது", "கீழே இழுத்தது" ஆகிய மூன்றில் ஒன்றை எழுதி, அடுத்த முறைக்கு ஒரு கிலோவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். நாலைந்து முழுக்கில் எண் நிலைத்துவிடும்.

காற்றுக்கு எழுத வேண்டியவை நான்கே: தொடக்க அழுத்தம், முடிவு அழுத்தம், சிலிண்டரின் கொள்ளளவு, சராசரி ஆழம். முதல் இரண்டையும் எல்லோரும் எழுதுகிறார்கள். பின்னிரண்டு இல்லாமல் அவற்றால் பயனில்லை. காயாங்கேணிப் பக்கம் ஒரு பாறையில் 40 நிமிடம், சராசரி ஆழம் 12 மீற்றர், 11.1 லீற்றர் சிலிண்டர், 200 பாரில் தொடங்கி 70 பாரில் முடிவு என்று வைத்துக்கொண்டால், செலவு 130 பார். கொள்ளளவால் பெருக்க 1443 லீற்றர். நிமிடத்துக்கு 36 லீற்றர். 12 மீற்றரில் மொத்த அழுத்தம் 2.2 பார் என்பதால் அதனால் வகுக்க, நீர்மட்டக் கணக்கில் நிமிடத்துக்கு 16.4 லீற்றர். இந்த எண் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே ஆளுக்கும் நீரோட்டத்திலும் பதற்றத்திலும் வேறு.

இனி, இதே காற்றுச் செலவுள்ள சுழியோடி பிரிட்டிஷ் சார்ஜன்டுக்குப் போக நினைக்கிறார். 24 மீற்றரில் அழுத்தம் 3.4 பார். செலவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 56 லீற்றர். 200 இலிருந்து 50 பார் வரை அவருக்கு இருப்பது 1665 லீற்றர். ஏறத்தாழ 30 நிமிடம். பாடி அட்டவணையில் 25 மீற்றர் வரிசைக்கு நிறுத்தமில்லா எல்லை (இடையில் கட்டாய நிறுத்தமின்றி மேலே வரக்கூடிய உச்ச நேரம்) 29 நிமிடம். இரண்டும் நெருங்கி நிற்கின்றன. அன்று நீரோட்டம் இருந்து செலவு 22 லீற்றரானால் காற்று 22 நிமிடத்திலேயே முடியும். அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஏமாந்துபோவார். 50 பார் மிச்சம் என்ற வழக்கமான விதியையும் இதே கணக்கு சோதித்துவிடும். அடியில் இணையின் காற்று நின்று, இருவரும் ஒரே சிலிண்டரில், பதற்றத்தில் ஆளுக்கு 30 லீற்றர் வீதம் சுவாசித்தால், அடியில் ஒரு நிமிடத்துக்கு 204 லீற்றர், நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் மேலே வர 350 லீற்றருக்குச் சற்று மேல். 50 பாரில் இருப்பது 555 லீற்றர். ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நிற்க இன்னும் 270 லீற்றர் வேண்டும். அது சிலிண்டரில் இல்லை. அந்த ஆழத்துக்கு 75 பாரில் திரும்ப வேண்டும் என்பது இப்படித்தான் வருகிறது. ஆகவே அழுத்தத்தை முதலிலும் முடிவிலும் மட்டும் பாராமல், திரும்பத் தொடங்கிய கணத்திலும் பார்த்து எழுதிக்கொள்வது நல்லது.

ஆழமும் நேரமும் கைக்கணினியில் தாமே பதிவாகும். வாடகைக் கணினி அடுத்த நாள் வேறொருவர் கையில் இருக்கும் என்பதால் புதியவர் அவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும்: உச்ச ஆழம், இறங்கிய நேரம், மேலே வந்த நேரம், பாதுகாப்பு நிறுத்தம், முந்திய முழுக்குக்கும் இதற்கும் இடையே மேலே இருந்த நேரம். மேலே வந்த மணியைத் துல்லியமாக எழுதுவதற்கு மட்டக்களப்பில் கூடுதலான காரணம் ஒன்று இருக்கிறது. உடலில் கரைந்த நைதரசன் வெளியேறும் முன் உயரத்துக்குப் போகக் கூடாது. விமானத்துக்கு ஒற்றை முழுக்குக்குப் பின் 12 மணி நேரமும், பல முழுக்கு அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரமும் இடைவெளி விடுமாறு சுழியோடிகளின் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. பயணிகள் விமானத்தின் உள்ளே அழுத்தம் 2400 மீற்றர் உயரத்துக்கு ஒப்பாக இறங்கக்கூடும். விமானத்தை எல்லோரும் நினைவில் வைக்கிறார்கள். மலைப் பாதையை மறந்துவிடுகிறார்கள். காலையில் பாசிக்குடாவில் இறங்கிவிட்டு மத்தியானம் வான் பிடித்துப் பதுளை வழியாக நுவரெலியா போவது சுற்றுலாக்காரர்களின் சாதாரணத் திட்டம். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சில மணி நேரத்தில் அவ்வளவு ஏறுவதும் உடலுக்கு விமானம் ஏறுவது போலத்தான்.

எழுதாமல் இறங்குவதன் விலை என்ன என்பதற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டாம். கற்பிட்டியிலும் வடக்கு, கிழக்குக் கரைகளிலும் கடல் அட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்கும் தொழிலாளர்கள் ஒரு நாளில் பல சிலிண்டர்களைத் தீர்க்கிறார்கள். ஆழக் கணக்கும் இடைவெளிக் கணக்கும் இல்லை. கரைந்த நைதரசன் உடலில் குமிழியாவதால் வரும் அமுக்க நோயால் கால் செயலிழந்தவர்கள் அவர்களிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு வயிற்றுப்பாடு, விடுமுறைக்கு இறங்குபவருக்கு அந்தச் சாக்கு இல்லை. உயர் அழுத்தச் சிகிச்சைக் கூடம் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. நோயுற்றவரை அங்கே கொண்டுபோகும்போது மருத்துவர் முதலில் கேட்பது முழுக்கின் ஆழம், நேரம், மேலே வந்த வேகம், அறிகுறி தொடங்கிய மணி ஆகியவைதான். கடைசி மூன்று நாளின் பக்கங்கள் கையில் இருந்தால் மயங்கிக் கிடப்பவருக்காக இணை பதில் சொல்லலாம். பதிவேட்டின் முன்னட்டையில் இரத்த வகை, ஒவ்வாமை, காப்புறுதி எண், வீட்டுத் தொலைபேசி ஆகியவற்றை எழுதி வைப்பதும் இதற்காகவே.

கருவி, உடல் பற்றிய குறிப்புகள் சுருக்கமாக இருக்கலாம். வாடகைக் கருவியென்றால் அதன் இலக்கம். முகமூடி ஒழுகியதா, காது எந்த ஆழத்தில் அடைத்தது, எப்படித் திறந்தது. "சின்னப் பிரச்சினை" என்று எழுதுவது எழுதாமைக்குச் சமம். காது ஒவ்வொரு முறையும் 4 மீற்றரில் அடைக்கிறது என்பதை மூன்று பக்கங்கள் சேர்ந்து சொன்னால் வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

உயிரினங்களைப் பற்றி எழுத ஆசைப்படாத புதியவர் இல்லை; எழுதுவதிலும் தவறில்லை. ஆனால் பட்டியல் நீளமாக இருப்பதைவிட ஒன்றிரண்டைச் சரியாக எழுதுவது மேல். களவா, பாரை, சீலா, திருக்கை என்று மீனவர் சொல்லும் பெயரே போதும். அதோடு ஏறத்தாழ எத்தனை, எந்த ஆழம், என்ன செய்துகொண்டிருந்தது. 1998ஆம் ஆண்டின் கடல் வெப்பத்தில் இலங்கைப் பவளப் பாறைகள் பெருமளவில் வெளிறின; பாசிக்குடாவும் தப்பவில்லை. 2004இல் ஆழிப்பேரலை, 2016இல் மறுபடி வெளிறல். காயாங்கேணி 2019இல் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பாறை மீள்கிறதா, சாகிறதா என்பதை அறிய ஒரே இடத்தை வருடா வருடம் ஒரே முறையில் பார்த்து எழுதியவர்கள் வேண்டும். குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கோரல்வொட்ச் நிற அட்டை இதற்கென்றே செய்யப்பட்டது. பவளத்துக்குப் பக்கத்தில் பிடித்து, வெளிர் நிறம் 1 முதல் அடர் நிறம் 6 வரை எதற்கு ஒத்துப்போகிறது என்று எழுதினால் போதும். தொடவே தேவையில்லை. "பவளம் அழகாக இருந்தது" என்பது அடுத்த வருடம் எதனோடும் ஒப்பிட முடியாத வாக்கியம்.

மட்டக்களப்பு வாவியில் இரவில் கேட்கும், பாடும் மீன் என்று சொல்லப்படும் ஒலியைப் பற்றி எழுதியவர்களில் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்டின் குறிப்பு இன்றும் பயன்படுவதற்குக் காரணமும் இதுதான். 1848 செப்டெம்பரில் இரவில் படகில் போன அவர், ஒலி இனிமையாக இருந்தது என்பதோடு நிறுத்தவில்லை. படகு நகர நகர ஒலி எங்கே கூடியது, எங்கே தேய்ந்தது, படகின் மரத்தில் காது வைத்தபோது எப்படி மாறியது என்றெல்லாம் குறித்திருக்கிறார். சிப்பிகளே பாடுவதாக அவர் கருதியதை இன்று ஒருவர் ஏற்காமல் விடலாம்; பார்த்ததும் கேட்டதும் ஊகத்திலிருந்து பிரித்து எழுதப்பட்டிருப்பதால் குறிப்பு நிற்கிறது.

எப்போது எழுதுவது என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. 1975இல் கொடன், பட்லி என்ற உளவியலாளர்கள் ஸ்கொட்லாந்தின் ஓபன் அருகே சுழியோடிகளை வைத்து நடத்திய ஆய்வில், நீருக்கடியில் கற்ற சொற்கள் நீருக்கடியிலேயே நன்றாக நினைவுக்கு வந்தன, கரையில் மங்கின. 2021இல் மர் என்பவர் திருப்பிச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆய்வு எப்படி முடிந்தாலும், ஆழத்தில் நைதரசன் மயக்கம் நினைவைத் தளர்த்தும் என்பதில் ஐயமில்லை. 25 மீற்றருக்குக் கீழே பலருக்கு அது தொடங்கிவிடும். எண்களை நீரடிப் பலகையில் அடியிலேயே பென்சிலால் எழுதிக்கொண்டு, படகில் ஏறியதும் ஈயத்துக்கும் காற்றுக்குமான வரிகளை முடித்து, மற்றவற்றை மாலையில் எழுதலாம். தொலைபேசிச் செயலி வசதியானதுதான். ஆனால் ஈயக் கணக்கைச் செயலி கேட்காமல் விட்டால் அதற்கெனக் குறிப்புப் பகுதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். உப்பு நீரும் தொலைபேசியும் ஒத்துவராத படகுகளில் அறுபது பக்கக் கொப்பியே நம்பகமானது.

ஒக்டோபருக்குப் பின் வாடைக் காற்று தொடங்கினால் கிழக்குக் கரையில் முழுக்கு நின்றுவிடும். செப்டெம்பரில் கடைசியாக இறங்கியவர் ஏப்ரலில் மறுபடி வரும்போது இடையே அரை வருடத்துக்கு மேல் போயிருக்கும். முதல் முழுக்கை ஆழமற்ற பாறையில் வைத்து, பழைய பக்கத்திலிருந்து ஈயத்தின் எண்ணை எடுத்து, உடல் எடையோ உடையோ மாறியிருந்தால் அதைத் திருத்தி, முடிவில் ஐந்து மீற்றர் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். காற்றுச் செலவை அன்றே கணக்கிட்டுப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதலாம். 16 ஆக இருந்தது 20 ஆகியிருந்தால், பிரிட்டிஷ் சார்ஜன்டுக்குப் போகும் நாளை இரண்டு மூன்று முழுக்கு தள்ளிவைப்பது நல்லது.